வீட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்குகிறதா? மண் கொட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் சொந்தக்காரர்கள், பழைய அக்கம்பக்கத்தார் என்று எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். “தண்ணி நிக்குதுப்பா, ரெண்டு லோடு மண்ணு கொட்டிரலாமா?” எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். மண் கொட்டாதீர்கள், குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே நிற்கிறது என்று மழை பெய்யும்போதே பாருங்கள். நான் இன்ஜினியர் இல்லை. மடிப்பாக்கத்தில் அப்பா 1994-ல் கட்டிய வீட்டில் இருக்கிறேன், எங்கள் தெரு முழுக்கக் களிமண், பள்ளிக்கரணை சதுப்பு நிலம் கூப்பிடு தூரம், ஆக இந்த முப்பது வருடத்தில் தண்ணீர் எத்தனை விதமாகத் தேங்க முடியுமோ அத்தனை விதமாகவும் எங்கள் வீட்டில் தேங்கிவிட்டது. அதில் பாதியை முதல் தடவை தப்பாகச் சரிசெய்து, காசு கொடுத்து உடைத்து, மறுபடி செய்தேன்.

கீழே இருப்பது சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டு மனையில் இருக்கும் தனி வீட்டை மனதில் வைத்து எழுதியது. உங்கள் வீட்டில் எந்த அறிகுறியோ அதற்கு நேராகப் போய்விடலாம், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மூன்று பத்தி எல்லோருக்கும்.

தேங்கிய தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் போர் மோட்டார் ஸ்டார்ட்டர், கேட் விளக்கு, தோட்டத்து பிளக் பாயின்ட் எல்லாவற்றுக்கும் போகும் கரன்ட்டை மெயினில் நிறுத்துங்கள். தண்ணீர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டிருந்தால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை சுவிட்சைத் திரும்பப் போடவே கூடாது. அதேபோல செப்டிக் டேங்க், மூடிக் கிடந்த சம்ப் எதற்குள்ளும் நீங்களும் இறங்க வேண்டாம், கூலிக்கு வந்தவரையும் இறக்க வேண்டாம். விஷவாயு ஆளைக் கூப்பிடவிடாது.

தேவையான சாமான்கள்: குடை, ஒரு வாளி, கடப்பாரை, நாலைந்து உடைந்த செங்கல், ஒரு டியூப் லெவல். டியூப் லெவல் என்பது கொத்தனார்கள் வைத்திருக்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் தெரியும் அந்த நீளமான பிளாஸ்டிக் குழாய்தான், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதை வைத்து எது மேடு, எது பள்ளம் என்று பார்ப்பார்கள். ஹார்டுவேர் கடையில் முப்பது அடி வாங்கினால் போதும். தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். செங்கல் எதற்கென்றால், மழை விட்டதும் குட்டையின் ஓரத்தில் நாலு பக்கமும் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் தண்ணீர் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு மட்டும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 930 லிட்டர் தண்ணீர் கீழே இறங்கும். 10 செ.மீ. பெய்த ராத்திரியில் 9,300 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் முக்கால்வாசி. அது எங்கே போய் இறங்குகிறது என்பதில்தான் பாதி வீடுகளின் பிரச்சினை இருக்கிறது.

## மண் தரையில் ஒரே இடத்தில் குட்டை, ஒரு நாளாகியும் வற்றவில்லை

### மண் இறுகிப் போயிருக்கலாம்

கார் ஏறி இறங்கும் இடம், பந்தல் போட்டு நாலு பேர் மிதித்த இடம், இங்கெல்லாம் மேல் மண் இறுகி தண்ணீரை இறக்காது. கடப்பாரையால் ஓர் அடிக்கு ஓர் இடம் என்று குத்திப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் “டங்” என்று சத்தம் வந்தால் அடியில் பழைய சிமென்ட் இருக்கிறது. பெருங்களத்தூரில் என் சித்தி மகன் வீட்டில் மூன்று வருடமாக ஒரே இடத்தில் குட்டை. தோண்டினால், வீடு கட்டும்போது கொத்தனார் கலவை போட்ட இடம் அப்படியே அரை அடி தடிமனில் சப்பாத்தி மாதிரி மண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது. உடைத்து எடுக்க அரை நாள் ஆனது, குட்டை போய்விட்டது. அதற்கு முன் அவன் அந்த இடத்தில் கொட்டிய மண் மூன்று லோடு.

### இடம் வெறும் பள்ளமாக இருக்கலாம்

செங்கல் வைத்த இடத்திலிருந்து கேட் வரை டியூப் லெவல் பிடித்துப் பாருங்கள். பள்ளம்தான் என்றால் நிரப்பலாம், ஆனால் மேடாக்குவது நோக்கமில்லை, கேட்டையோ வடிகாலையோ பார்த்து வாட்டம் கொடுப்பதுதான் நோக்கம். மண் தரைக்குப் பத்து அடிக்கு இரண்டு, மூன்று அங்குல வாட்டமாவது வேண்டும். ரப்பிஷ் (கட்டட இடிபாடு) மலிவாகக் கிடைக்கிறதே என்று கொட்டாதீர்கள், அடுத்த மழையில் உள்வாங்கி மறுபடி பள்ளமாகிவிடும். கிராவல் மண் வாங்கி, நாலு அங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அதன் மேல் அடுத்த நாலு அங்குலம். முக்கியமாக, வாட்டம் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

### களிமண்

ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுக்க இறங்கியதும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மண்ணில் குறை இல்லை, பள்ளத்தையும் வாட்டத்தையும் கவனியுங்கள். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் களிமண்தான். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரை மணல் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, மூன்று அடிக் குழியில் கூழாங்கல் நிரப்பினாலே தண்ணீர் குடித்துவிடும். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் வெறும் குழி போட்டால் அது குட்டைக்குள் இன்னொரு குட்டை. குழிக்கு நடுவில் ஆறு அங்குல போர் ஒன்றைப் பத்துப் பதினைந்து அடிக்கு இறக்கி, களிமண்ணைத் தாண்டி, அதிலும் ஜல்லி நிரப்ப வேண்டும். இதைக் கை போர் போடும் ஆள் வைத்துச் செய்யுங்கள், மண்வெட்டியால் முடிகிற வேலை இல்லை.

கல்வாழை நட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஈரத்தில் நன்றாக வரும், கொஞ்சம் உறிஞ்சும், பார்க்க அழகாகவும் இருக்கும். 9,300 லிட்டரை அது குடிக்காது.

### குழி தானாகவே ஊறி நிரம்பினால்

தோண்டிய குழியில் நீங்கள் ஊற்றாமலே அடியிலிருந்து தண்ணீர் ஏறினால் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டது. கார்த்திகையில் எங்கள் பக்கம் இது சகஜம். அதற்கு வாசலில் செய்ய எதுவும் இல்லை, கடைசிப் பகுதியைப் படியுங்கள்.

## சிமென்ட் தரை, டைல்ஸ் அல்லது பேவர் பிளாக் மேல் தண்ணீர் நிற்கிறது

முதலில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையின் சல்லடை மூடியைத் தூக்கிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், என்னைக் கூப்பிட்ட வீடுகளில் மூன்றில் ஒன்று இத்தோடு முடிந்துவிடும். வேப்பிலை, பால் கவர், குழந்தையின் பந்து.

அது சுத்தமாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரை வீட்டுச் சுவர் ஓரத்தில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சிமென்ட் தரைக்குப் பத்து அடிக்கு ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குல வாட்டம் போதும். நடுவில் மட்டும் தேங்கினால் உள்ளங்கை அளவா, கட்டில் அளவா? உள்ளங்கை அளவு தேக்கத்தைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு வாழப் பழகிக்கொள்ளலாம், அதற்காகத் தரையை உடைப்பது வீண்.

பேவர் பிளாக் உள்வாங்கியிருந்தால் அது நீங்களே செய்யும் வேலை. தேங்கும் இடத்துக் கற்களை ஸ்க்ரூ டிரைவர் கொண்டு நெம்பி எடுத்து, அடியில் எம்-சாண்ட் போட்டு, இடித்து, பலகை வைத்து மட்டம் பார்த்து, கற்களைத் திரும்ப அடுக்கி, இடுக்கில் மணலைத் துடைப்பத்தால் தள்ளுங்கள். ஒரே இடம் ஆறு மாதத்தில் மறுபடி உள்வாங்கினால் அடியில் ஏதோ ஒரு குழாய் உடைந்து மண்ணை அரித்துக்கொண்டிருக்கிறது. அப்போது பிளம்பர்.

தரை முழுக்கவே வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தால், மேஸ்திரி உடனே “மேல ஒரு அங்குலம் பூசிரலாம் சார்” என்பார். வேண்டாம். பழைய தரை மேல் மெல்லிசாகப் பூசியது இரண்டு வெயிலில் பெயர்ந்து வரும். கனமாகப் பூசினால் வெளித்தரை வாசற்படியைத் தொட்டுவிடும், அதற்குப் பிறகு தண்ணீர் வீட்டுக்குள் வருவதைத் தடுக்க இடமே இல்லை. இதற்குப் பதில் தரையின் தாழ்ந்த கோட்டில் நாலு அங்குல அகலத்துக்குக் கட்டர் மெஷினால் வெட்டி, ஒரு வாய்க்கால் எடுத்து, மேலே இரும்புக் கிராதி போட்டு, வடிகாலுக்கு இழுத்துவிடுங்கள். பத்தில் எட்டு வீட்டுக்கு இது போதும். செலவும் முழுத்தரை மாற்றுவதில் ஒரு சிறு பங்குதான்.

## சுவர் ஓரத்தில் தேங்குகிறது, உள்ளே ஓதம் அடிக்கிறது

மற்ற எதையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் சந்தேகம் மொட்டை மாடிக் குழாய். கீழே வந்து சுவரின் காலடியிலேயே விடுகிறதா? அப்படியானால் மாடித் தண்ணீர் முழுவதையும் அஸ்திவாரத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு எல்போ, ஐந்தாறு அடி நாலு அங்குல பி.வி.சி. பைப், தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். முடிந்தால் மழைநீர் சேகரிப்புக் குழிக்கு, முடியாவிட்டால் கேட் பக்கம். ஆனால் கழிவுநீர் சேம்பரில் மட்டும் விடாதீர்கள். பலரும் செய்கிறார்கள், எங்கள் வீட்டிலும் முன்பு ஒருவர் செய்துவைத்திருந்தார், பெருமழையில் தெருவின் கழிவுநீர்க் குழாய் நிரம்பி அது எங்கள் பாத்ரூம் வழியாகவே திரும்பி வந்தது. அந்த நாளை வர்ணிக்க விரும்பவில்லை.

குழாய் தள்ளித்தான் விடுகிறது என்றால் அது அடைத்திருக்கிறதா என்று மாடியில் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். இணைப்பில் கசிந்து சுவரில் இறங்குவதும் உண்டு, சுவரில் பாசிக்கோடு நேராக இறங்கியிருந்தால் அதுதான்.

அடுத்து பாத்தி. சுவரை ஒட்டிச் செங்கல் பதித்துச் செம்பருத்தியும் துளசியும் வைத்திருப்பீர்கள். அந்தச் செங்கல் வரிசை ஓர் அணை. இரண்டு இடத்தில் கல்லை எடுத்துவிட்டாலே தண்ணீர் வெளியே ஓடிவிடும்.

அதற்கும் மேல், வருடக்கணக்கில் கொட்டிய மண் வீட்டின் பேஸ்மட்டத்தை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வெளி மண், உள் தரையைவிட அரை அடியாவது தாழ்ந்து இருக்க வேண்டும். மூடியிருந்தால் வெட்டி எடுத்து வெளியேற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. சுவருக்கு உள்பக்கம் பூசும் ஓதம் தடுக்கும் பெயின்ட்டை அதற்கு முன்னால் அடிப்பது காசைக் கரைத்து அடிப்பது மாதிரி.

சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், கதவு திடீரென்று நிலையில் இடிப்பது, மூலையில் தரை இறங்குவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மேஸ்திரியைக் கூப்பிடாதீர்கள், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

## தெருத் தண்ணீர் கேட் வழியாக உள்ளே வருகிறது

எங்கள் கதை இதுதான். அப்பா கட்டியபோது ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறி வாசலுக்கு வருவோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி இறங்கி வருகிறோம். சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் உத்தரவே போட்டார். உங்கள் தெருவில் ரோடு போட வந்தால் அதைச் சொல்லி அன்றைக்கே நின்று கேளுங்கள், தார் ஊற்றிய பிறகு பேசிப் பயன் இல்லை.

முதலில் தெருவிலுள்ள மழைநீர் வடிகாலின் வாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். சென்னை மாநகராட்சிக்கு உட்பட்ட இடம் என்றால் 1913 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்து புகார் சொல்லலாம். வடிகால் நிரம்பி வழிகிறது என்றால் வாயைச் சுத்தம் செய்து பயன் இல்லை, தண்ணீர் போக இடம் இல்லாமல் நிற்கிறது.

அடுத்தது, கேட் வாசலில் நாலு முதல் ஆறு அங்குலத்துக்கு ஒரு சிமென்ட் மேடு. காம்பவுண்டுச் சுவரில் முன்பு தண்ணீர் வெளியேற விட்ட ஓட்டைகளையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வழியாக வரும். நாங்கள் இதைச் செய்தோம். தெருத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அன்று ராத்திரி எங்கள் மாடித் தண்ணீர் வெளியே போக வழி இல்லாமல் வாசல் முழுக்க நிறைந்தது, நானும் அம்மாவும் விடியும் வரை மக்கும் வாளியுமாக இறைத்தோம்.

ஆகவே மேடு போட்டால் கூடவே தண்ணீர் போக வழியும் வேண்டும். உங்கள் தரை தெரு வடிகாலைவிட உயரம் என்றால் ஒரு பைப்பும் அதில் ஒரு ‘நான்-ரிட்டர்ன்’ (ஒருவழி) வால்வும் போதும், தண்ணீர் வெளியே போகும், உள்ளே வராது. வருடம் ஒருமுறை அந்த வால்வைக் கழற்றிக் குப்பை எடுங்கள், ஒரு குச்சி சிக்கினாலும் மூடாது. தரை தாழ்வு என்றால் மூலையில் இரண்டு அடிக்கு இரண்டு அடி தொட்டி கட்டி, அதில் அரை ஹெச்.பி. கழிவுநீர் மோட்டார். மழை பெய்யும்போதுதான் கரன்ட் போகும், அதையும் யோசித்து வாங்குங்கள், இன்வெர்ட்டர் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு.

இதற்கும் அடங்கவில்லை என்றால் வெளித்தரையை உயர்த்துவது, தரைத்தளத்தின் உள்தரையை உயர்த்துவது, கடைசியாக ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது. ஹரியானா குழுக்கள் சென்னையில் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். தனியாக ஓர் இன்ஜினியரிடம் காட்டாமல், தூக்குபவரின் வாய்வார்த்தையை மட்டும் நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## மழையே இல்லை, தரை மட்டும் ஈரமாக இருக்கிறது

மூக்கை நம்புங்கள். நாற்றம் அடித்தால் கழிவுநீர். கழிவறையில் ஒரு மூடி சொட்டு நீலம் ஊற்றிப் பலமுறை ஃபிளஷ் செய்து, ஈரமான இடத்தில் நீலம் தெரிகிறதா என்று அன்றும் மறுநாளும் பாருங்கள்.

நாற்றம் இல்லை என்றால் சம்ப். ராத்திரி வால்வை மூடி, மோட்டாரையும் போடாமல், தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் அரை அங்குலம் இறங்கியிருந்தால் சம்ப் கசிகிறது. இறங்கவில்லை என்றால் சம்புக்கு வரும் குழாய், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு சம்ப். முதலாவதற்கு பிளம்பர், இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை.

## மழைநீர் சேகரிப்புக் குழி நிறைந்து வழிகிறது

2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகப் போட்ட குழிகள் நிறைய. மூடியைத் திறந்து பாருங்கள். மேலே வண்டல் படிந்து கேக் மாதிரி இருந்தால் மேல் மணலை வழித்து எறிந்துவிட்டு, கூழாங்கல்லை எடுத்துக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். புரட்டாசியில் வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை இது, முதல் மழைக்கு முன் மாடியைப் பெருக்கினால் பாதி வண்டல் வராது. கழுவிய பிறகும் ஒரு டிரம் தண்ணீர் ஒரு நாள் முழுக்க அப்படியே நின்றால், மேலே களிமண்ணுக்குச் சொன்ன போர் தேவை. நங்கநல்லூரில் ஒரு வீட்டில் குழியின் அடியையும் சிமென்ட் பூசி வைத்திருந்தார்கள். நேர்த்தியான வேலை, தொட்டி மாதிரி தண்ணீர் நின்றது.

வாசலில் தேங்கும் அழுக்குத் தண்ணீரை நேரே பழைய போர்வெல்லில் இறக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போர்வெல்லுக்கு மாடித் தண்ணீர் மட்டும், அதுவும் வடிகட்டி.

## எல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் வடியவில்லை

குழியில் தானாக ஊறும் வீடுகள் இந்த வகை. மோட்டார் வைத்து இறைத்தால் இறைக்க இறைக்க ஊறும், தெருவில் தண்ணீர் இறங்கும் வரை கரன்ட் பில்தான் ஏறும். 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது, 1,000 சதுர அடி மாடிக்கு அது 45,000 லிட்டருக்கு மேல். எந்த வாட்டமும் எந்த மோட்டாரும் அதற்குக் கட்டியதில்லை.

அப்படிப்பட்ட சமயத்தில் சம்பையும் செப்டிக் டேங்கையும் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் நிலத்தடி நீர் நெருக்கும்போது காலித் தொட்டியை அது கீழிருந்து தூக்கும், சுவர் வெடிக்கும், பிளாஸ்டிக் தொட்டி என்றால் மிதந்தே வந்துவிடும். சம்பு மூடியின் விளிம்பில் வெள்ளம் ஏறும் முன் குடிக்கவும் சமைக்கவும் வேண்டியதை மேல்தொட்டிக்கு ஏற்றிக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடுங்கள். வடிந்த பிறகு ஒரு வாரத்துக்குள் மிச்சக் குட்டைகளை இறைத்துவிடுங்கள், கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் எடுக்கும். செங்கற்களை மட்டும் வைத்த இடத்திலேயே விட்டுவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் மேஸ்திரி வந்து “இங்கயா சார், இங்க எப்படித் தண்ணி நிக்கும்?” என்பார், அப்போது காட்ட வேண்டும்.